மே மாதத்தில் ஒரு வி-நெக்

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயில்.

சிரஞ்சீவி கிச்சாவுக்கு,

உன் அக்காவைக் கைப்பிடித்த ஒரே காரணத்தால் உனக்கு அத்திம்பேராகிப்போன பாலு, அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நீரஜாவும் சௌக்கியம். ‘சௌக்கியம்’ என்று எழுதும் இடத்தில் பேனா சற்றுத் தயங்கியது. ஏன் என்பது கீழே வருகிறது. டெல்லியில் நீயும் சௌ. சீதாவும் வெயிலில் வாடாமல், தண்ணீர் லாரி தவறாமல் வந்து, சகல சௌபாக்கியங்களுடனும் இருக்கக் கபாலியை வேண்டிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவைக்கிறாய். பிறகு அதற்குப் பதிலும் நீயே சொல்லி, ‘சரி அத்திம்பேர், வெச்சுடட்டுமா’ என்று வைத்தும் விடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. தவிர, செவ்வாய்க்கிழமையிலிருந்து என் ஃபோன் உன் அக்காவின் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில். அது ஏன் அங்கே போயிற்று என்றால், உன்னால்தான். ஆமாம் கிச்சா, நீதான் காரணம். சீதாவும் படிப்பாள், அவளுக்கு நீ பாதிதான் சொல்லியிருப்பாய், ஆகையால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

டெலிஃபோன் இலாகாவில் ஊரார் புகாரைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான். ரிடையர் ஆனதும் புகார் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லாமல் போனார்கள். சரி, இனி நாமே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். காலையில் நம் கூடத்தில் நீரஜாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் பாடும்போது நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து “தாளம்” என்பேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதற்கு ஒரு பெண்ணின் அம்மா நீரஜாவைத் தனியாக அழைத்து, “மாமா எப்பவும் ஆத்துலயேதான் இருப்பாரா?” என்று விசாரித்தாளாம். அந்த வாரமே, எதிர்வீட்டு மகேஷ் வேலை பார்க்கும் பெருங்குடி கம்பெனியில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் தேவை என்று தெரியவந்தது. “போய்ட்டு வாங்கோளேன். வாரத்துல மூணு நாள்தான். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் பொழுது போகும்” என்றாள் உன் அக்கா. எதை முதலில் சொன்னாள், எதை இரண்டாவதாகச் சொன்னாள் என்பதைக் கவனி.

வேலை பிரமாதமான வேலை. மளிகைச் சாமான் வாங்கும் செயலி ஒன்றில் தமிழைத் திருத்துவது. நான் போய்ச் சேர்ந்த அன்று அதில் ‘உங்கள் வண்டி காலியாக உள்ளது’ என்று இருந்தது. நீ ஒன்றும் வாங்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். அதைப் படித்துவிட்டு ஒரு கிழவர், ‘எனக்கு ஏது வண்டி? நான் பஸ்ஸில் போகிறவன்’ என்று சண்டைக்கே வந்திருக்கிறார். நான் அந்த இடத்தில் ‘கூடை’ என்று மாற்றினேன். எங்கள் தலைவி லாவண்யா, நான் இலாகாவில் பாதி சர்வீஸ் முடித்த பிறகு பிறந்த பெண், நாற்காலியிலிருந்து எழுந்து, “அங்கிள், கூடை! எவ்ளோ சிம்பிள்!” என்று கைதட்டினாள். மேலதிகாரி எழுந்தால் நானும் எழுவது பழக்கமாயிற்றே. எழுந்தேன். அவள் “உக்காருங்க அங்கிள்” என்றாள். நான் “நீங்கள் முதலில்” என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று.

எல்லாம் சரி, குளிர்தான் சரியில்லை. வெளியே தார்ச்சாலை உருகுகிறது, உள்ளே மனுஷன் விறைக்கிறான். என் நாற்காலிக்கு நேர் மேலே குளிர்காற்று இறங்கும் சதுரம். பிள்ளைகள் எல்லாம் தலையை மூடும் தொப்பிச் சட்டை போட்டுக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று மகேஷிடம் கேட்டேன். “அது பில்டிங்காரங்களோடது மாமா. கீழ சொன்னா மேல சொல்லுங்கம்பாங்க, மேல சொன்னா டிக்கெட் போடுங்கம்பாங்க” என்றான். டிக்கெட் எதற்கு, என்னிடம் ரயில் பாஸே இருக்கிறது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், டிக்கெட் என்றால் அங்கே வேறு ஏதோ என்று புரிந்துகொண்டேன். புகார் மனுவுக்குத்தான் அங்கே அந்தப் பெயராம்.

தும்மல் பிடித்துக்கொண்டது. என் தும்மல் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாரே, அதேதான். லாவண்யா பெங்களூரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் தும்ம, அவள் வந்து, “அங்கிள், அங்க ஏதாவது இடிஞ்சு விழுந்துச்சான்னு கேக்கறாங்க” என்றாள். மறுநாள், ரிடையர்மென்ட் அன்று எனக்குப் போர்த்திய சரிகைச் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் காவலாளி சல்யூட் அடித்து, “ஃபங்ஷன் எந்த ஃப்ளோர் சார்?” என்று கேட்டார். அன்று மாலையே லாவண்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அங்கிள், ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்குங்களேன். அடுத்த செவ்வாய் பெங்களூர்லேர்ந்து பெரியவர் வர்றார். தமிழுக்கு ஆளுங்க வேணுமா, மெஷினே பாத்துக்குமான்னு முடிவு பண்ணப்போறார். கூடை மேட்டரை நீங்கதான் சொல்லணும். அப்ப தும்மிடாதீங்க.” அவளுக்கு இருந்த கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று பேர் வேலை அதில் இருந்தது கிச்சா. என்னை விடு, எனக்கு பென்ஷன் வருகிறது. மற்ற இருவரும், லாவண்யாவும் மகேஷும், குழந்தைகள்.

கம்பளி விஷயத்தில் நம் குடும்பத்தில் நீதானே கரைகண்டவன்! உன்னைக் கூப்பிட்டேன். அன்று நீ நிகழ்த்திய உபன்யாசம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரவுண்டு நெக் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. சட்டைக் காலரின் குரல்வளையை அது நெரிக்கும். பெரிய மனுஷனுக்கு வி-நெக் ஒன்றே கதி. அந்த வி சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே இறங்கினால் ஆபாசம், மேலே ஏறினால் அற்பம். என் நிறத்துக்கு பாட்டில் பச்சை. உள்ளே வெளிர் நிறத்தில் கட்டம் போடாத சட்டை. கீழ்ப் பார்டர் பெல்ட்டில் வந்து நிற்க வேண்டும், உட்கார்ந்தால் தொப்பை மேல் சுருட்டிக்கொள்ளக் கூடாது. காலர் கட்டாயம் வெளியே. கூடவே டை கட்டினால் விசேஷம் என்றாய். நான் ஜன்மத்தில் ஒரே ஒரு முறை டை கட்டியது என் ரிசப்ஷனில். அந்த ஃபோட்டோவைப் பார்த்து இன்றுவரை சிரிக்கிற முதல் ஆள் நீ. ஆகவே டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தி.நகருக்குப் புறப்பட்டேன்.

உஸ்மான் ரோட்டில் ஏழு மாடிக் கடை ஒன்றில் ஏறி, “வி-நெக் ஸ்வெட்டர் எந்த மாடி?” என்று கேட்டேன். அந்தப் பையன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, “கூட யாராவது வந்திருக்காங்களா சார்?” என்று மிகவும் பிரியமாகக் கேட்டான். பக்கத்துக் கடையில், பிறந்த குழந்தைக்குத் தொப்பியும் சாக்ஸும் சேர்ந்த செட்டை எடுத்துப்போட்டு, பேரனா பேத்தியா என்றார்கள். கடைசியில் பாண்டி பஜாரில், காசி பத்ரி போகிறவர்களுக்கும் ஊட்டி போகிறவர்களுக்கும் குரங்குக் குல்லாய் விற்கிற சந்துக் கடை ஒன்றைப் பிடித்தேன். கடைக்காரர் கரீமுல்லா. என் தாளை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, “இன்னா சார் இது, டாக்டர் எய்தினதா?” என்றார். மச்சினன் எழுதியது என்றேன். “அப்ப ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஏணியை எடுத்தார்.

இறங்கி வந்தவர் கையில் உண்மையிலேயே ஒரு பாட்டில் பச்சை இருந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டைக்கு மேல், ஃபேன் நின்றுபோயிருந்த நேரத்தில், மே மாத மத்தியானத்தில் கம்பளிக்குள் தலையை விட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டேன். ஒரு கம்பி வியில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று காதில். ஒரு கை சட்டைக்கையோடு பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே இருட்டு, பாச்சை உருண்டை வாசனை. “தலய தேடாதீங்க சார், அதுவே வரும்” என்று கரீமுல்லாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. இழுத்தார். வந்தேன். கல்லாவில் இருந்த அவர் மனைவி வஜீஹா என்னை மேலும் கீழும் பார்த்து, “சூப்பரா கீது சார். ஆனா காலர உள்ள வுடுங்க. வெளிய வுட்டா நியூஸ் வாசிக்கிற மாரி கீது” என்றாள். என் மச்சினர் காலர் வெளியே என்றுதான் சொன்னார் என்றேன். “அவுரு டெல்லி சார். அங்க பனி உள்ள பூராம இருக்க அப்புடி வுடுவாங்க. இங்க பனியா கீது?” என்றாள். கரீமுல்லா வெளியே என்றார். இருவரும் ஒரு பத்து நிமிஷம் என் காலரை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் வாதாடினார்கள். எனக்கு வியர்வை வழிந்து, வி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. காலரை ஒரு பக்கம் உள்ளேயும் ஒரு பக்கம் வெளியேயும் வைத்துக்கொண்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஆத்துக்கு வந்து, சட்டையைக் கழற்றிய கையோடு போட்டுக் காட்டினேன். நீரஜா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “ஏன்னா, எந்த பேங்க் வாசல்ல ட்யூட்டி?” என்றாள். பிறகு, “பனியன் தெரியறது. பூணல் எட்டிப் பார்க்கறது. கழுத்துல இருக்கற விபூதி எல்லாம் கம்பளில அப்பிண்டாச்சு” என்று வரிசையாகச் சொன்னாள். நான் உனக்கு வீடியோவில் காட்டினேன், நினைவிருக்கிறதா? நீ, “அத்திம்பேர், அந்த வியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கோ” என்றாய். வி என்ன மேஜையா நகர்த்துவதற்கு? நகர்த்தியது உன் அக்கா. குனிந்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது விரல்களிலேயே தெரிந்தது.

முதல் நாள் ஆத்திலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பியது என் பிசகு. திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறியதும் ஒருவர் எழுந்து, “உக்காரு நைனா, ஜுரமா கீது உனுக்கு?” என்று இடம் கொடுத்தார். நான் இல்லை என்று சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். பெருங்குடி வரை ஒரு முழு பெஞ்சு எனக்கு. அவ்வளவு வசதியாக நான் சென்னையில் ரயில் பிரயாணம் செய்ததே இல்லை. இருந்தாலும் மறுநாள் முதல் ஸ்வெட்டரைப் பையில் மடித்து எடுத்துப்போய் ஆபீஸில்தான் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் என்ன நடந்தது தெரியுமா? நீ நம்ப மாட்டாய். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். “மாமா, செம்ம லுக்கு” என்றான் மகேஷ். லாவண்யா ஸ்வெட்டர் கைகளை முழங்கை வரை தள்ளிவிட்டு, கடிகாரத்தை வெளியே தெரியவைத்து, “இப்ப பாருங்க அங்கிள்” என்று கண்ணாடிக் கதவின் முன் நிறுத்தினாள். பார்த்தேன். யாரோ ஒரு கனவான் நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்வானேன், அவரை எனக்குப் பிடித்திருந்தது. அன்று நான் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

ஆனால் கிச்சா, உன் உபன்யாசத்தில் ஒரே ஒரு விஷயத்தை நீ சொல்லவில்லை. பாக்கெட்! என் சட்டைப் பாக்கெட் உனக்குத் தெரியும், அது பாக்கெட் அல்ல, ஒரு கிளை அலுவலகம். ஃபோன், ரயில் பாஸ், படிக்கிற கண்ணாடி, திருத்துகிற சிவப்புப் பேனா, தைல டப்பா எல்லாம் அதில்தான் வாசம். ஸ்வெட்டர் போட்டதும் அத்தனையும் கம்பளிக்கு அடியில் போய்விட்டன. எது வேண்டுமானாலும் வி வழியாகக் கையைத் தோண்டி எடுக்க வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

செவ்வாய்க்கிழமை பெங்களூர்ப் பெரியவர் வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் வரும், நல்ல மாதிரி. கண்ணாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மீட்டிங்கில் ஃபோன் சத்தம் போடக் கூடாது என்று மகேஷ் என் ஃபோனை வாங்கி எதையோ அமுக்கிக் கொடுத்திருந்தான். சத்தம் வராது என்றுதான் சொன்னான். அதிரும் என்று சொல்லவில்லை. நான் எழுந்து வண்டிக் கதையைச் சொன்னேன். பஸ்ஸில் போகிற கிழவர் வந்ததும் பெரியவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். லாவண்யாவின் முகத்தில் பல்ப் எரிந்தது. “ஆகையால் சார், தமிழில் இதை நாம்...” என்று ‘கூடை’க்கு வாயைத் திறக்கிறேன், என் இடது மார்பில் ஏதோ ஒன்று ‘டுர்ர்ர்’ என்று துடித்தது.

நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. திடுக்கிட்டேன், அவ்வளவுதான். மார்பை அமுக்கினேன். நின்றது. மறுபடி துடித்தது. ஃபோன் என்று அப்போதுதான் புரிந்து, வி வழியாகக் கையை உள்ளே விட்டேன். அவசரத்தில் பேனாவின் மூடி கழன்று அதன் கொக்கி கம்பளியில் மாட்டிக்கொண்டது. கை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இழுக்க இழுக்கக் கழுத்து இறுகி, கண் பிதுங்கி, நான் அப்படியே நாற்காலியில் சரிந்தேன். அதே நேரம், அடக்கி வைத்திருந்த பத்து நாள் தும்மலும் ஒன்றாகக் கிளம்பி மூக்கோடு நின்றுவிட்டது. “அங்கிள்!” என்று லாவண்யா அலறினாள். “ஒன்றுமில்லை, ஃபோன்” என்றேன். “ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணச் சொல்றாரு!” என்றான் மகேஷ். இல்லை, ஃபோன் உள்ளே இருக்கிறது என்றேன். “பேசாதீங்க மாமா, தெம்ப வேஸ்ட் பண்ணாதீங்க!” சக்கர நாற்காலியோடு என்னைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார்கள். பெங்களூர்ப் பெரியவர் ஷூ கழன்றதுகூடத் தெரியாமல் கூடவே ஓடிவந்து, வழியெல்லாம் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனும் ஆகாது சார், ஏனும் ஆகாது” என்று, ஒன்றும் ஆகாது என்பதைத் தன் கன்னடத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். மார்பில் அது ‘டுர்ர்ர்’ என்றபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கேள்வியே கிடையாது. படுக்கவைத்து, ஒரு நர்ஸ் பெரிய கத்திரிக்கோலை எடுத்து, வியின் நுனியில் வைத்து ஒரே வெட்டாகக் கீழ்ப் பார்டர் வரை கிழித்தாள். நீ சிலாகித்த அந்த வி கத்திரிக்கு எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்வெட்டரை விலக்கியதும் நர்ஸ் “டாக்டர், ப்ளட்!” என்று கத்தினாள். வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. “அம்மா, அது இங்க்” என்றேன். யாரும் கேட்கவில்லை. டாக்டர் சின்னப் பெண். தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ட்ரேயில் வைத்தாள். பேனா, கண்ணாடி, பாஸ், தைல டப்பா, கடைசியாக ஃபோன். “சார், உங்களுக்கு என்ன பண்ணுது?” என்றாள். ஃபோன் வருகிறது என்றேன்.

இருந்தாலும் வந்தவரை விட முடியாது என்று ஈசிஜி எடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் உன் அக்கா வந்து சேர்ந்தாள். மகேஷ் சொல்லி, பாட்டு வகுப்பைப் பாதியில் விட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறாள். கையில் பை, அதற்குள் சுருதிப் பெட்டி. அணைக்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு ஐந்தரைக் கட்டையில் முழங்கிக்கொண்டிருக்க, நர்ஸ்கள் எந்த மெஷின் கத்துகிறது என்று கட்டில் கட்டிலாகத் தேடினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். நீரஜா எதையும் கவனிக்கவில்லை. என் சட்டைச் சிவப்பைப் பார்த்தாள், கிழிந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். எல்லாம் நார்மல், மாமா ஜோராக இருக்கிறார் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. நானாகத்தான் பேச்சை மாற்ற, யார் அப்படி விடாமல் கூப்பிட்டது என்று கேட்டேன். ட்ரேயிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தாள். “வேற யாரு? கிச்சாதான், நாலு தடவை” என்றாள். எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள்: “இனிமே வேலையும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம். ஆத்துலயே இருங்கோ. பேப்பர் படிச்சுண்டு, தாளம் தாளம்னு கத்துங்கோ. நாலு பொண்கள் நின்னா நின்னுட்டுப் போறது. நேக்கு நீங்க இருந்தாப் போறும்.” அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுருதிப் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை கிச்சா. சரி என்றேன். ஆட்டோவில் ஆத்துக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டாகப் பிளந்த ஸ்வெட்டரை மடியில் வைத்து மடித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை லாவண்யாவும் மகேஷும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். பெங்களூர்ப் பெரியவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் மூன்று பேர் வேலையையும் உறுதி செய்துவிட்டாராம். ‘அந்தப் பெரியவர் கடைசியாகச் சொல்லவந்த வார்த்தை என்ன?’ என்று கேட்டு, கூடை என்றதும் கண் கலங்கிவிட்டாராம். என்னமோ அது என் உயில் மாதிரி. ஒருத்தருக்கு மாரடைப்பே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு பில்டிங்காரர்கள் குளிரையும் குறைத்துவிட்டார்களாம். டிக்கெட் ஏதும் போடாமலே! எனக்குச் சந்தோஷம்தான். ராஜினாமாக் கடிதத்தை லாவண்யா கையில் கொடுத்தேன். அவள் படிக்காமலே பையில் வைத்துக்கொண்டு, நீரஜா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆக, முடிவாகச் சொல்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டேன். இனி இந்த உடம்பில் கம்பளி ஏறாது. நடந்ததில் எனக்கு ஒரு துளி பயமோ வருத்தமோ கிடையாது. உன் மீது மட்டும் ஒரே ஒரு வருத்தம் உண்டு. நீ ஒரு மனுஷனுக்கு ஸ்வெட்டர் போடச் சொல்லிக்கொடுத்தாய், சரி. அது எப்படி இருக்கிறது என்று கேட்க, அதுவும் அந்த வேளையில், விடாமல் நாலு முறையா கூப்பிடுவாய்? ஒரு முறை எடுக்கவில்லை என்றால் மனுஷன் வேலையாக இருக்கிறான் என்று தோன்ற வேண்டாமா? பெரியவனாக இதைச் சொல்லிவைக்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

சீதாவுக்கு என் ஆசிகள். தீபாவளிக்கு இரண்டு பேரும் அவசியம் வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போக வேண்டும். உனக்கு நல்ல ஆரோக்கியமும், பிறர் ஃபோனை எடுக்கிற வரை காத்திருக்கும் பொறுமையும் உண்டாகட்டும் என்று வாழ்த்துகிற,

உன் அன்புள்ள அத்திம்பேர்,
பாலு.

பின்குறிப்பு: கிச்சா, நான் அக்கா எழுதறேன். ஒட்டி தபால்ல போடச் சொல்லிக் குடுத்துட்டு உங்க அத்திம்பேர் தூங்கறார். பிரிச்சுப் படிச்சுட்டேன், திட்டாதே. பயமே இல்லைன்னு எழுதியிருக்காரே, ஈசிஜி எடுக்கற பொண்ணு என்கிட்ட, “மாமி, வயர் மாட்டணும், அவர் கையைக் கொஞ்சம் விடச் சொல்லுங்கோ”ன்னு கேட்டா. அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தார் என் கையை. ராஜினாமாவும் ஒண்ணும் இல்லை. ஆத்துல இருங்கோன்னு நான்தான் சொன்னேன். ஆனா அஞ்சு நாளா ஒரு ‘தாளம்’கூடச் சொல்லலைடா. நேத்திக்கு அந்தப் பெரிய பொண்ணு ஒரு ஆவர்த்தனத்தையே முழுங்கிட்டா, பேப்பர் அசையலை. உடனே லாவண்யாவைக் கூப்பிட்டு, நாளைக்கு வருவார்னு சொல்லிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. தையக்காரர் அந்த ஸ்வெட்டருக்கு நடுவுல பட்டன் வெச்சுக் குடுத்துட்டார்.

இன்னொண்ணு. நீ அன்னிக்கு ஃபோனே பண்ணலைன்னு நோக்குத் தெரியும். நாலு தடவையும் நான்தான். அன்னிக்குக் காலம்பற கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பச்சையைப் போட்டுண்டு கண்ணாடி முன்னால நின்னுண்டு காலரை உள்ள விட்டு விட்டுப் பார்த்துண்டிருந்தார். நான் சமையல் உள்ளேர்ந்து பார்த்தேன். அத்தனை நன்னா இருந்தார் கிச்சா. வாங்கிண்டு வந்த அன்னிக்குக் கேலி பண்ணிட்டேன், ஒரு வார்த்தை நன்னா இருக்குன்னு சொல்லலையேன்னு பாட்டு நடுவுல தோணிடுத்து. பொண்களைப் பாடச் சொல்லிட்டு உள்ள போய் ஃபோன் பண்ணினேன். அது இப்படி ஆகும்னு யார் கண்டா? அவர் கேட்டதும் வாய்ல உன் பேர்தான் வந்தது. நீ தம்பிதானே, பழியை வாங்கிக்கோ. அவர்கிட்ட நீ சொல்லாதே. என்னிக்காவது நானே நேர்ல சொல்லிக்கறேன்.